வருத்தம் ஏற்படின்

அந்த மருந்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும்தான். “பிள்ளை தப்புமோ தெரியாமல் பேர் பதியாமல் வைச்சிருக்கினம் போல” என்றாள் என் மனைவி. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் மேல்மாடி. குளிரூட்டியை யாருக்காக அவ்வளவு கூட்டி வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. வாதக்காரர் ஒன்பது பேர் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு நடுங்கியபடி இருந்தோம். அதாவது எட்டுப் பேர். எனக்கு வாதமில்லை. எனக்கு இருப்பது அவளுடைய வாதம்.

பதினொரு வருடமாக அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சாய்ந்தன. உடம்பின் காவல் தன் மூட்டுகளையே எதிரியென்று நினைத்து அடிக்கின்ற நோய். அதற்கு மூன்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று ஈரலைக் கெடுத்தது. ஒன்று கண்ணுக்குக் கூடாதென்று நிறுத்தினார்கள். மற்றது கெடுதலும் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை. காலையில் அவளுடைய சட்டைக் கொளுக்கிகளை நான் பூட்டுவேன். தலை வாருவேன், கோணலாக. மத்தியானம் சோற்றைக் குழைத்துத் தீத்திவிடுவேன். அவள் வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவளுக்கு வெட்கம்.

ஆய்வுக்குப் பொறுப்பான வைத்தியர் ஒரு பெண். எங்கள் மகளைவிட இளையவள். நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்று சொல்லி, மருந்தின் அமைப்பைக் காட்டும்படி கேட்டேன். அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் பிரிமிடீன் வளையம். ஆறு மூலை, நான்கில் காபன், இரண்டில் நைதரசன். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் அதைக் கீறியிருக்கிறேன். எங்கள் எல்லோருடைய உடம்புக் கலங்களுக்குள்ளும் இந்த வளையம் ஏற்கெனவே இருக்கிறது. பரம்பரையை எழுதி வைத்திருக்கும் நான்கு எழுத்துகளில் இரண்டு இதனால் ஆனவை. மூட்டுகளை அடிக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்கும் நொதியம் ஒன்று இருக்கிறதாம். அதன் வாய்க்குள் போய் இது அடைத்துக்கொள்ளுமாம். இதை வெளியே வந்து மனைவிக்கு விளக்கினேன்.

“அப்ப ஏற்கெனவே எனக்குள்ளை கிடக்கிற சாமான்தானே” என்றாள்.

“வளையம் கிடக்கு. அதைச் சுற்றி அவை பூட்டியிருக்கிற மிச்சம் கிடக்கேல்லை.”

“பதினொரு வருசம் கிடந்த வளையம் எனக்கு என்ன செய்தது? மிச்சத்தைத்தான் பாப்பமே.”

வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தகவல் தாளும் சம்மதப் பத்திரமும் தந்தார்கள், தமிழில், பதினெட்டுப் பக்கம். நான் இரண்டு தரம் வாசித்தேன். அச்சுப் பிழை மட்டும் பதினொன்று. பக்கவிளைவுகளுக்கு ஒரு பக்கமும் கால்வாசியும். ‘சிலரில்’ தலைவலி. ‘அரிதாக’ கிருமித்தொற்று. ‘மிக அரிதாக’ என்று தொடங்கிய வரியை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. எண்கள் எங்கே? எண் இல்லாமல் எதை நிறுப்பது? அடுத்த தடவை போனபோது கேட்டேன்.

“டொக்டர், ‘அரிதாக’ எண்டால் எத்தினை பேரிலை ஒராள்?”

“அது ஆய்வு முடியத்தான் ஐயா சரியாச் சொல்லலாம்.”

“ஆய்வு முடியிறது எங்களாலை.”

“ஓம் ஐயா. உங்களைப்போல ஆக்களாலைதான்.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொன்னால் பிடித்து மறுக்கலாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாக்குளிசை, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். நான் இன்னும் கேட்க வாயெடுக்க மனைவி குறுக்கே வந்தாள்.

“இவர் பிரசங்கத்திலை போதகர் எத்தினை தரம் இருமினவர் எண்டு எண்ணிற ஆள், டொக்டர். நீங்கள் பயப்பிடாதையுங்கோ.”

கனடாவிலிருந்து மகள் வீடியோவில் அழுதாள். “அம்மாவை எலியாக்கப் போறியளே அப்பா?” நான் பதில் சொல்லுமுன் மனைவி போனுக்கு முன்னால் வந்து குனிந்தாள். “எலி ரண்டு கையாலையும் தேங்காய்ச் சொட்டைப் பிடிச்சுத் தின்னும் பிள்ளை. நான் அதுக்கும் கீழை.”

நான் நிறுத்துப் பார்த்தேன். ஒரு தட்டில் பத்து விரல்கள், அதுவும் அரைவாசி வாய்ப்பு. மறு தட்டில் எண்ணில்லாத சொற்கள். எழுபத்தொரு வயது உடம்பின் காவலைத் தூங்க வைத்துவிட்டு, உள்ளே வருபவனை யார் தடுப்பது? வேண்டாம் என்று சொன்னேன். காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு, “உங்கடை கைதான் இரண்டும் நல்லாயிருக்கே” என்றாள். அவ்வளவுதான் எங்கள் விவாதம். கையெழுத்து வைக்கும்போது பேனாவை இரண்டு விரலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, பிடிக்க வந்த என் கையை முழங்கையால் தள்ளினாள். பெயரை எழுதி முடிப்பதற்குள் வைத்தியர் ஒரு தொலைபேசி அழைப்பைப் பேசி முடித்துவிட்டாள்.

குளிசை தொடங்கி ஆறாவது கிழமை சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். பருப்பையும் சோற்றையும் தானே குழைத்தாள். சிந்தியது, ஆனாலும் குழைத்தாள். மாக்குளிசைக்கும் மனம் நம்பினால் இரண்டு மூன்று கிழமை சுகம் வரும் என்று நான் சொன்னேன். “உங்களுக்கு வாய் நல்லாயிருக்கு, அதுக்கு ஒரு குளிசை தரச் சொல்லவேணும்” என்றாள். எட்டாவது கிழமை விரல்களின் வீக்கம் வடிந்து எலும்பின் உருவம் தெரிந்தது. சாய்ந்த எலும்பு நிமிராது, ஆனால் மடங்கும், நீளும், பிடிக்கும். ஒன்பதாவது கிழமை ஒரு காலையில் நான் கொளுக்கி பூட்டப் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது.

“நான் பூட்டுவன். நீங்கள் வெளியிலை நில்லுங்கோ.”

நின்றேன். ஒவ்வொரு கொளுக்கிக்கும் ஒரு முனகல் கேட்டது. ஐந்தும் பூட்டி வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை எங்கள் கலியாணப் படத்திலும் நான் கண்டதில்லை. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அன்றிலிருந்து அவளுடைய முதுகை நான் பார்க்கவில்லை. கை சுகமானதால் முதுகு எனக்கு மறைந்துபோனது. ஆய்வுக்காரர் எவரும் இதைத் தாளில் எழுதவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை. போதகர் நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சேர்ச்சின் வாங்கு சாய்மானம் வைத்தது, அதில் சாயாமல் ஒருவரும் அந்தப் பிரசங்கத்தைத் தாங்கமாட்டார். அவள் சாயவில்லை. வாங்கின் நுனியில் நிமிர்ந்திருந்தாள். பாட்டுக்கு எழும்பும்போது பல்லைக் கடித்தாள். கையைத் தொட்டேன், சுட்டது. “வெக்கை” என்றாள். அன்று வெக்கையும்தான். விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். சைவக்காரர். நாங்கள் வேதக்காரர், ஆனாலும் நல்ல பழக்கம்.

“மாஸ்ரர், அக்காவுக்குத் தண்ணி வாத்தாச்சே?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன தண்ணி?”

“இல்லை, வேப்பிலை இனியும் வேணுமோ எண்டு கேட்டனான்.” அதைச் சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அக்கா உங்களுக்குச் சொல்லேல்லையே?”

இங்கே கொப்புளிப்பான் வந்தால் அதைப் பெயர் சொல்லிச் சொல்லமாட்டார்கள். அம்மாள் வருத்தம் என்பார்கள். கொப்புளம் காய்ந்ததும் வேப்பிலை போட்ட தண்ணீரால் முழுகவைப்பதுதான் தண்ணீர் வார்ப்பது. வேதக்கார வீட்டுக்குள் வேப்பிலை போயிருக்கிறது என்றால் என் மனைவி எந்த அளவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. உள்ளே போனேன்.

“முதுகைக் காட்டும்.”

“ஏன், முதுகிலை என்ன எழுதியிருக்கே?”

“காட்டும் எண்டுறன்.”

“கத்தாதையுங்கோ, வேலிக்கு அங்காலை கேக்கும்.”

“வேலிக்கு அங்காலை எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

அவள் திரும்பிக்கொண்டு கொளுக்கிகளைத் தானே கழற்றினாள். இடது பக்கம் முள்ளந்தண்டில் தொடங்கி, கைக்குக் கீழால் மார்புக்கு அடிவரை, நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டி. சில இடம் கருகிக் காய்ந்திருந்தது. சில இடம் சீழ். எண்ணத் தொடங்கி, முதல் தடவையாக நடுவில் விட்டுவிட்டேன். இது கொப்புளிப்பான் அல்ல, அக்கி. சின்ன வயதில் வந்துபோன கொப்புளிப்பானின் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடக்கும். காவல் அயர்ந்தால் எழும்பும். ‘அரிதாக’ என்ற சொல்லுக்குக் கீழே ஏழாவது வரி. அவள் விழுங்கியது மாக்குளிசை அல்ல என்பதிலும் இனிச் சந்தேகமில்லை.

“எத்தினை நாள்?”

“பன்ரண்டு.”

“ரண்டு தரம் கிளினிக்குக்குப் போயிருக்கிறம். ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் விலத்திப்போடுவினம்.”

“ஆர் சொன்னது அப்பிடி?”

“அவையே எழுதியிருக்கினம். நீங்கள் வளையத்தைப் பாத்துக்கொண்டிருந்தியள். நான் எழுத்தைப் பாத்தனான்.”

பத்திரத்தைக் கொண்டுவந்து, நீண்ட விரலால் தொட்டுக் காட்டினாள். பதினைந்தாம் பக்கம், நடுவில்: ‘பங்கேற்பாளருக்குப் பின்னர் வருத்தம் ஏற்படின், எந்நேரமும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.’

நான் அதை இரண்டு தரமும் வாசித்திருந்தேன். எனக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. சம்மதித்த பிறகு மனம் மாறினால், கவலை வந்தால், விலகலாம் என்பது அதன் கருத்து. தாளின் அடியில் மொழிபெயர்த்த இடம் இருந்தது, கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே வருத்தம் என்றால் மனக்கவலை. இங்கே காய்ச்சலும் வருத்தம், சலரோகமும் வருத்தம், இருதயம் அடைப்பதும் வருத்தம். நான் புத்தகத் தமிழால் வாசித்தேன். அவள் வீட்டுத் தமிழால் வாசித்தாள்.

“இது கவலையை எல்லோ சொல்லியிருக்கு” என்றேன்.

“கவலை எண்டால் கவலை எண்டு எழுதத் தெரியாதே? வருத்தக்காரரை வைச்சு ஆய்வு செய்யிறவைக்கு வருத்தம் எண்டால் என்னெண்டு தெரியாதே?”

“விலகிக்கொள்ளலாம் எண்டுதானே கிடக்கு. விலகவேணும் எண்டில்லையே.”

“அது மரியாதைக்கு. வீட்டிலை இருந்து ஆளை அனுப்பேக்கை நாங்களும் ‘போயிட்டு வாங்கோவன்’ எண்டுதானே சொல்லுறம்.”

சிரிக்கவேண்டிய பதில். நான் சிரிக்கவில்லை. அவள் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, குரலை இறக்கினாள்.

“இஞ்சாருங்கோ. கொப்புளம் காயுது. ரண்டு நாளிலை விழுந்திடும். டொக்டருக்குச் சொல்லாதையுங்கோ. கை திறந்திருக்கு. பதினொரு வருசத்துக்குப் பிறகு திறந்திருக்கு.”

காய்ச்சல் இருந்தது. சீழ் இருந்தது. அந்தக் கிருமி சுவாசப்பைக்கும் மூளைக்கும் போகக்கூடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் தராசின் மறு தட்டில் விரல்களை வைத்தாள். நான் அன்று பின்னேரமே வைத்தியருக்கு போன் எடுத்தேன். இப்போதும் எடுப்பேன். அவள் அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் செய்தது சரி என்பது அந்த நான்கு நாளையும் குறைக்கவில்லை.

வைத்தியர் கோபிக்கவில்லை. பத்திரத்தின் வரியைக் காட்டியபோது ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வாசித்தாள்.

“நானும் இந்த ஊர்ப் பிள்ளைதான் அம்மா. நூறு தரம் பாத்திருப்பன். எனக்குப் படேல்லை.”

“நீங்கள் இங்கிலீசிலை வாசிச்சிருப்பியள்” என்றாள் மனைவி.

அக்கி தொடங்கி மூன்று நாளுக்குள் வந்திருந்தால் அதற்கு மருந்து இருந்தது என்றாள் வைத்தியர். ஆய்வுக் குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்திப்போட்டுத் திரும்பத் தொடங்கியிருக்கலாம். இப்போது புண்ணுக்குள் வேறு கிருமியும் இறங்கிவிட்டது. காய்ச்சலும் வந்துவிட்டது. பாரதூரமான தொற்று என்று பதியவேண்டும். பதிந்தால் குளிசையை முழுதாக நிறுத்தவேண்டும்.

“அப்ப விலத்துறியள்.”

“ஓம் அம்மா. விதி அப்பிடி.”

“வருத்தம் வந்ததாலை.”

வைத்தியர் தலையாட்டினாள்.

“அப்ப நான் வாசிச்சது சரிதானே.”

அறையில் இரண்டு படித்தவர்கள் இருந்தோம். வைத்தியர் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள், நான் பத்திரத்தை மடித்தேன். மனைவி பிழையாக வாசித்ததால் ஒளித்தாள். ஒளித்ததால் அது உண்மையாகிப்போனது. இதை வட்டுக்கோட்டை பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு விளக்கலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவள் முதுகு சீற்றில் படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பத்து விரலாலும். விளக்கவில்லை.

மிஞ்சிய குளிசைகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கிழமை கழித்துப் போத்தலை எடுத்து எண்ணினேன். நாளுக்கு இரண்டு. இருபத்திரண்டு இருக்கவேண்டும். எட்டு இருந்தது.

“பதினாலு குறையுது” என்றேன்.

“நீங்கள் எண்ணுவியள் எண்டு தெரியும்.”

“எங்கை?”

“என்ரை கையிலை” என்று வெறுங்கையை விரித்துக் காட்டினாள். விரல்கள் நீண்டிருந்தன.

நிறுத்தச் சொன்ன பிறகும் ஏழு நாள் விழுங்கியிருக்கிறாள். நான் மிச்ச எட்டையும் என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மருத்துவ நிலையத்தில் தாதி அவற்றை ஒரு தட்டில் கொட்டி எண்ணினாள். என்னைவிட மெதுவாக. “பதினாலு குறையுதே ஐயா?” மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். ஆய்வுக்கு அந்த எண் தேவை. அதில்லாமல் அவர்களுடைய கணக்குப் பிழைக்கும். பிழைத்த கணக்கால் வேறொரு பெண்ணுக்கு ‘அரிதாக’ என்று எழுதுவார்கள். இதெல்லாம் எனக்கு அந்த நேரம் தெளிவாகத் தெரிந்தது.

“நான் எண்ணேக்கை கொட்டுப்பட்டிட்டுது. கூட்டி எறிஞ்சிட்டன்.”

தாதி எழுதிக்கொண்டாள். மனைவி எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

இது நடந்து ஐந்து மாதம். புண் ஆறிவிட்டது. நரம்பு ஆறவில்லை. சட்டைத்துணி பட்டாலே நெருப்பு வைத்ததுபோல என்கிறாள். அதற்கு வேறு குளிசை, அது தூக்கத்தைத் தருகிறது, நோவை எடுக்கவில்லை. விரல்கள் இரண்டாம் மாதத்தில் வீங்கத் தொடங்கின. இப்போது பழையபடி. இரண்டு தட்டிலும் அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

போன மாதம் வைத்தியர் போன் எடுத்தாள். வேறோர் ஆய்வு தொடங்கப்போகிறதாம். அதே வளையம், ஒரு மூலையில் தொங்குவதை மட்டும் மாற்றியிருக்கிறார்களாம். அக்கிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுத்தான் எடுப்பார்களாம். பத்திரத்தை இந்த முறை இங்கேயே தமிழாக்குகிறார்களாம். “அம்மா விரும்பினால் இந்த நம்பருக்கு எடுத்துச் சொல்லுங்கோ ஐயா. நான் கட்டாயப்படுத்தேல்லை.” போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

அவளுடைய விரல் போனின் கண்ணாடியில் சரியான இடத்தில் விழாது. மூன்று தரம் முயன்றதைக் கண்டேன். ஆகவே ஒவ்வொரு காலையும் என்னிடம் கேட்கிறாள்.

“எடுத்தனீங்களே?”

“லைன் கிடைக்கேல்லை.”

“நேற்றும் கிடைக்கேல்லை.”

“நேற்றும்தான்.”

தடுப்பூசி அக்கியைத் தடுக்கலாம். ‘மிக அரிதாக’ என்று தொடங்கிய வரிக்குத் தடுப்பூசி இல்லை. நான் அதை இன்னும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசித்துக் காட்டினாலும் என்ன சொல்லுவாள் என்று தெரியும். அதனால்தான் வாசிக்கவில்லை.

இன்று காலை அவள் போனைப் பற்றிக் கேட்கவில்லை. கதிரையில் சாயாமல் இருந்துகொண்டு, “நம்பரைச் சொல்லுங்கோ, பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டு எடுப்பிக்கிறன்” என்றாள்.

“நம்பர் மறந்துபோச்சு” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தாறு வருடம் என்னோடு இருந்தவள். நான் எதையாவது, எந்த எண்ணையாவது, மறந்ததை அவள் கண்டதில்லை.